குற்றாலக் கிராம்பும் நறுமண மருத்துவமும்

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைக் கொணரும் ஆனி, ஆடித் திங்கள்களில் குற்றாலம் செல்வோர், அருவியில் நீராடுமுன் எண்ணெய் தேய்த்துக்கொள்வது நெடுநாளைய வழக்கமாக இருந்தது. கடைத்தெருவில் கிராம்பும் ஜாதிக்காயும் பலவகைத் தைலங்களும் விற்கப்படும். இவற்றை முகர்ந்தாலே நோய் தீரும் என்ற பேச்சும் உண்டு. நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும் ஆயரிடம், "ஐயா, இது மெய்தானா?" என்று சபையார் கேட்கின்றனர். மறுமொழி கூறுமுன், குற்றாலக் கிராம்பின் வரலாற்றை அறிந்துகொள்வது நலம்.

கிராம்பு நம் மண்ணின் மரம் அன்று. அதன் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கிராம்பு மரங்களை அம்போன் வட்டாரத்தில் மட்டுமே வளரவிட்டு, ஏனைய தீவுகளில் வெட்டி வீழ்த்தினர். விலை குறையாதிருக்கவே இவ்வாறு செய்தனர். ஜாதிக்காய் விளைந்த பண்டாத் தீவுகளை 1621-இல் அவர்கள் கைப்பற்றியபோது, அத்தீவு மக்களுள் மிகப் பலர் மாண்டனர். பலர் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டனர். 1796-இல் ஆங்கிலேயர் அம்போனையும் பண்டாவையும் பிடித்தனர். 1800-ஆம் ஆண்டளவில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் அமைத்த நறுமணப் பயிர்த்தோட்டத்தில் கிராம்பு நடப்பட்டது. இந்தியாவில் கிராம்புச் சாகுபடியின் தொடக்கமாக இத்தோட்டமே குறிக்கப்படுகிறது. 1850-க்குப் பின்னர் அது நாகர்கோவில், திருவிதாங்கூர்ப் பகுதிகளுக்கும் பரவியது.

அக்காலம் நெல்லைச் சீமைக்கு எத்தகைய காலம் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது; ஜூலை 31-ஆம் நாள் உடன்படிக்கையால் ஆற்காட்டு நவாபின் ஆட்சியுரிமை கம்பெனியின் கைக்கு வந்தது. கால்டுவெல் அத்தியட்சர் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரம் இவ்வாண்டோடு நிறைவுறுகிறது. போர்ப்புகை அடங்குமுன்னரே குற்றால மலையடிவாரத்தில் கிராம்பு நாற்று ஊன்றப்பட்டது எனலாம். அந்நாற்று பிறந்த தீவும், அது வந்து சேர்ந்த சீமையும் வாணிபத்திற்காகவும் ஆட்சிக்காகவும் குருதி சிந்தியவை. நறுமணப் பொருள்களைப் பற்றிப் பேசுவோர் இதனை மறத்தலாகாது.

இனி, மணத்தின் இயல்பைக் காண்போம். நாம் பயன்படுத்தும் கிராம்பு, மலராத மொட்டை உலர்த்தியது. அதன் தைலத்தில் மிகுந்திருப்பது யூஜெனால் என்னும் பொருள். வலியை மரக்கச் செய்யும் தன்மையால் பல் மருத்துவர் இதனை இன்றும் பயன்படுத்துகின்றனர். மணத்தின் நுண்துகள்கள் மூக்கின் மேற்பகுதியிலுள்ள நரம்புச் செல்களைத் தொடுகின்றன. அவற்றிலுள்ள ஏற்பிகளுக்குரிய மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் ஆகிய இருவரும் 1991-இல் கண்டறிந்து, 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதனுக்கு ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உள்ளன. பார்வையும் ஓசையும் மூளையின் தாலமஸ் என்னும் பகுதியைக் கடந்தே மேற்செல்கின்றன. மணமோ அதற்குக் காத்திராமல் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளைச் சென்றடைகிறது. மறைந்த தாயின் அடுக்களையை ஒரு வாசனை கணத்தில் நினைவூட்டுவது இதனாலேயே.

நறுமண மருத்துவத்திற்கு 'அரோமாதெரபி' என்று பெயரிட்டு 1937-இல் நூல் வெளியிட்டவர் பிரெஞ்சு வேதியியலர் ரெனே-மொரீஸ் கட்டபொஸே. சில மணங்கள் பதற்றத்தைச் சிறிது தணிப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவற்றுட் பல சிறிய ஆய்வுகளே. புற்றுநோயையோ நீரிழிவையோ மணம் குணமாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. மேலும், நீர்த்தல் இல்லாத கிராம்புத் தைலம் தோலைப் புண்படுத்தும். குழந்தைகள் அதனை விழுங்கிவிட்டால் ஈரல் கெடவும் கூடும்.

எனினும் கிராம்புக்கு மற்றொரு பணி வாய்த்தது. 2020-இல் பரவிய கொரோனாத் தொற்றினால் எண்ணற்றோர் மோப்ப உணர்வை இழந்தனர். உணவு சுவையற்றுப் போயிற்று. எரிவாயுக் கசிவும் தெரியாமற் போயிற்று. இத்தகையோருக்கு மருத்துவர் கூறும் பயிற்சியை, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மலும் உடன் ஆய்வாளரும் 2009-இலேயே வெளியிட்டிருந்தனர். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் நாள்தோறும் இருமுறை, 12 வாரம் முகர வேண்டும். எல்லாருக்கும் அன்று, சிலருக்கு உணர்வு மேம்பட்டது. பொறுமையுடன் செய்யும் இப்பயிற்சி வேறு, ஒரு குப்பியில் எல்லா நோயும் தீரும் என்னும் விளம்பரம் வேறு.

யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தின் பரிசுத்த தைலத்தில் வெள்ளைப்போளமும் கருவாப்பட்டையும் வசம்பும் இலவங்கப்பட்டையும் அளவோடு குறிக்கப்பட்டுள்ளன. அங்குள்ள இலவங்கப்பட்டையை, நாம் இலவங்கம் என்றும் அழைக்கும் கிராம்பாக எண்ணிவிடலாகாது. அத்தைலத்தைப் போன்று வேறொன்றைத் தன்னலத்திற்காகச் செய்வதும் அங்கே விலக்கப்பட்டது. ஆகவே, கேட்கும் சபையாருக்கு ஆயர் அச்சமின்றி மறுமொழி கூறலாம்: படுக்கையருகே விருப்பமான மணம் இருப்பது நல்லது, அது மனத்திற்கு இதமளிக்கும், ஆனால் அதை நம்பி மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போட வேண்டாம், மோப்பம் இழந்தவரின் துயரத்தை அற்பமாக எண்ணவும் வேண்டாம்.