83இல் நடந்த இன்னொன்று

வெள்ளவத்தையில் 83 எண்டால் எங்களுக்கு ஆடிக் கலவரம்தான். அதே ஆண்டு லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற வைத்தியர், இரத்தக்கட்டியையும் அடுத்தடுத்த கருச்சிதைவையும் ஒரே நோயாக இணைத்துக் காட்டினார். உடல் தனக்கெதிராகவே உருவாக்கும் பிறபொருளெதிரிகள்தான் காரணம், சூல்வித்தகம் பாதிக்கப்படுகிறது.

அதே 83இல் கனடாவில் ரோஸ் ஜோன்ஸ்டனின் குழு, செம்மறியாட்டின் இளம் செங்குருதிக் கலங்கள் வெளித்தள்ளும் நுண்புடகங்களைக் கண்டது. பின்னர் எக்சோசோம் எனப் பெயர்பெற்ற அவற்றைக் கலத்தின் குப்பை எண்டே பலர் நினைத்தார்கள். அவை செய்தி காவுபவை எனப் பிறகுதான் தெரிந்தது. ஹியூஸின் நோயில் அவற்றின் பங்கு இப்போது ஆராயப்படுகிறது.

அஸ்பிரினும் ஹெப்பரினும் இந்நோயில் பல கர்ப்பங்களைக் காத்திருக்கின்றன. எங்கட வீடுகளிலோ 'ராசியில்லாதவள்' எண்ட சொல்தான் இன்னும் நோயறிதல். எல்லாக் கருச்சிதைவும் இதனால் அல்ல. ஆனாலும் பழி சொல்ல முதல், ஒரு இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்போமே.