தோம்பிலிருந்து நொத்தாரிசு வரை: யாழ்ப்பாணத்தில் உறுதி எழுதும் தொழிற்பயிற்சியின் வளர்ச்சி

காணி விற்க வந்தவரிடம் அனுபவமுள்ள நொத்தாரிசு முதலில் கேட்பது, “இந்தக் காணி உங்களுக்கு எப்படி வந்தது?” என்பதுதான். முதுசொமா, சீதனமா, தேடிய தேட்டமா என்று தெரிந்த பிறகே பேனாவை எடுப்பார். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதே இத்தொழிலின் அரிச்சுவடி. அப்பழக்கம் எங்கே தொடங்கியது, யார் கைகளின் வழியே இன்றுவரை வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒல்லாந்தர் காலத்தில் காணிகளும் உடையவர் பெயர்களும் தோம்புகள் எனும் பதிவேடுகளில் பதியப்பட்டன. 1707 இல் ஆளுநர் சைமன்ஸின் பணிப்பின்பேரில் யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டு, 12 முதலியார்களின் பார்வைக்கு வைத்து ஒப்புதல் பெறப்பட்டது. காணியை விற்க எண்ணுபவர் தம் எண்ணத்தைத் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் அறிவிக்கச் செய்யவேண்டும் என்கிறது அத்தொகுப்பு. அதை வாங்க முன்னுரிமை உடையவர்கள் அதற்குள் முன்வரலாம். உரிமையுள்ளவர் அறியாமல் காணி கைமாறக் கூடாது என்ற நெறியே இதன் உள்ளீடு. பின்வந்த பயிற்சி முழுவதும் இந்நெறியின்மீதே எழுந்தது.

ஆங்கிலேயர் 1806 இன் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் தேசவழமைக்குச் சட்ட வலு அளித்தனர். 1840 இன் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் கையொப்பமிட்டாலன்றிச் செல்லாது என்றது. ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு செய்த காவலைச் செய்யவேண்டிய பொறுப்பு இப்போது ஒரு தொழில்வல்லுநரின் தோளில் ஏறியது. நொத்தாரிசு என்ற சொல்லும் ஒல்லாந்தர் விட்டுச்சென்றதே.

1907 இன் நொத்தாரிசுக் கட்டளைச்சட்டம் இத்தொழிலின் பாடநூல் எனலாம். அதன் 31 ஆம் பிரிவிலுள்ள விதிகள் ஒரு மாணவன் பழகவேண்டியவற்றை வரிசைப்படுத்துகின்றன: காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்தல், கையொப்பமிடுபவரை அடையாளம் அறிதல், வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்குதல், மாதந்தோறும் இரண்டாம் பிரதிகளைப் பதிவகத்துக்கு அனுப்புதல். எனினும் விதி சொல்லாததை மூத்தவரின் மேசையருகே இருந்துதான் கற்கவேண்டும். எடுத்துக்காட்டாக, ஓர் உறுதியின் அட்டவணையில் காணியின் பெயர், பரப்பு, குழி, நான்கு எல்லை ஆகியன எழுதியாயிற்று. பொதுக் கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் விடுபட்டன. வாங்கியவரின் தோட்டத்துக்கு நீர் இல்லை. அயலோடு வழக்குத்தான் மிஞ்சும். ஒரே ஒரு வரியின் பெறுமதி அது.

பின்வந்த இரண்டு சட்டங்கள் பயிற்சியின் சுமையைக் கூட்டின. 1911 இன் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரிமைவழிக் கட்டளைச்சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையா ஆதனத்தைப் பாராதீனப்படுத்தக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சொத்து அவளுடையதாகவே இருந்தும் அவள் கையைக் கட்டுகிற விதி இது. நீதியானதென்று இன்று எவரும் வாதிடுவது கடினம். ஆயினும் சட்டம் இருக்கும்வரை அதை அறியாத நொத்தாரிசு, அப்பெண்ணுக்கே தீங்கு செய்தவராவார். 1947 இன் தேசவழமை முன்வாங்கல் கட்டளைச்சட்டமோ பங்காளருக்கு முன்கூட்டி அறிவித்தல் கொடுப்பதை ஒழுங்குபடுத்தியது. 1707 இன் நெறி இங்கே புது உருவில் திரும்பியது.

1973 இன் நீதி நிருவாகச் சட்டம் அத்துவக்காத்து, பிரக்கிராசி என்ற இருவகையினரையும் சட்டத்தரணி என்று ஒன்றாக்கியது. 1874 இல் தோன்றிய சட்டக் கல்லூரியின் உறுதியெழுத்துப் பாடமும் மூத்த சட்டத்தரணியிடம் பெறும் பயிலுநர் காலமும் நொத்தாரிசாவதற்கான இன்றைய வழியாயின. பரீட்சை சட்டத்தைக் கற்பிக்கிறது. கேள்வி கேட்கும் பழக்கத்தைக் கற்பிப்பது மேசைதான்.

உள்நாட்டுப் போரில் இடம்பெயர்ந்து உறுதிகளை இழந்த குடும்பங்கள், பதிவகத்தில் எஞ்சிய இரண்டாம் பிரதிகளைத் தேடி நின்றன. யாரோ ஒரு நொத்தாரிசு தவறாமல் அனுப்பிவைத்த தாள்கள் அவை. அவற்றை வாசித்துப் பொருள்கொள்ளத் தெரியாதவரால் அக்குடும்பங்களுக்கு உதவ இயலாது. ஆகவே தேசவழமைக் காணிகளுக்கு உறுதி முடிக்கப்போகும் ஒவ்வோர் இளம் சட்டத்தரணிக்கும் பழைய உறுதிகளை வாசிக்கும் பயிற்சி தமிழிலேயே, முறையாக, கட்டாயமாக வழங்கப்படவேண்டும்.