பாவலர் சகோதரர்கள்

அச்சரப்பாக்கத்துத் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுக்கள் இசைக்கும் இளையராஜா பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவரும் ஒரு மேடைக் குழுவின் பிள்ளையே என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளின் பாடகர். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளரிடையே பாடினார், கட்சி வென்றது. காலப்போக்கில் தம்பியர் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் இணைய, ‘பாவலர் சகோதரர்கள்’ குழு ஊர் ஊராகச் சென்றது. மக்களறிந்த திரை மெட்டுகளில் அரசியலைப் பாடினர்.

1968இல் இளையராஜா சென்னை சென்றார். 1973இல் பாவலர் மறைந்தார். ‘அன்னக்கிளி’ வெளிவந்ததோ 1976இல். தம்பியர் தம் படநிறுவனத்துக்கு அண்ணனின் பெயரையே இட்டனர். தம்பியின் புகழை எழுதும் நாமும் அந்த அண்ணனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவதே நேர்மை.