பாலத்தை இறக்கும் காலம்

செஞ்சியில் ராஜகிரிக் கோட்டை ஏறியவர்களுக்கு, உச்சியை அடையுமுன் குறுக்கிடும் ஆழமான பாறைப் பிளவு நினைவிருக்கும். அக்காலத்தில் அதன்மேல் கிடந்த மரப்பாலத்தை அகற்றிவிட்டால் எதிரி உள்ளே வருவது அரிது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இங்கே முற்றுகையிட்டிருந்தது. காவலர்கள் விழித்திருந்தது எவரும் உள்ளே வராதிருக்க. திருவருகைக்காலத்தில் திருச்சபை நம்மை விழித்திருக்கச் சொல்வதோ, வருகிறவருக்குத் திறந்துவிட.

நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று இக்காலம் தொடங்குகிறது. டிசம்பர் 16 வரை ஆண்டவரின் இரண்டாம் வருகையே முதன்மைச் சிந்தனை. 17 முதல் 24 வரை பிறப்பு விழாவுக்கு நேரடித் தயாரிப்பு. திருவுடை ஊதா, மூன்றாம் ஞாயிறன்று ரோஜா நிறமும் அணியலாம். ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் இல்லை, அல்லேலூயா உண்டு. தவக்காலத்தில் அதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

என்ன செய்வதென்று மக்கள் கேட்டபோது திருமுழுக்கு யோவான் நோன்பைச் சொல்லவில்லை (லூக்கா 3:10-14). இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவரோடு பகிரவேண்டும். வரிதண்டுவோர் கூடுதலாக வாங்கக்கூடாது. படைவீரர் மிரட்டிப் பணம் பறிக்காமல் ஊதியத்தோடு நிறைவடைய வேண்டும். அவரவர் தொழிலிலேயே மனமாற்றம்!

குடில் கட்டவும் நட்சத்திரம் தொங்கவிடவும் நம் இளைஞர்கள் இருக்கிறார்கள். வரப்புத் தகராறில் ஆண்டுக்கணக்காகப் பேசாத அண்ணன் தம்பிகளுக்காக யாரும் போய்ப் பேசிவிட முடியாது. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கி, வெவ்வேறு வாசல் வழியே வெளியேறுகிறார்கள். தம்பி முதலில் வரட்டும் என்கிறார் அண்ணன். பாலம் உள்ளே இருப்பவர் கையில்தானே இருக்கிறது?

ஒப்புரவு அருட்சாதனத்திற்கு 24ஆம் தேதி மாலை நெரிசலில் வந்து நிற்காமல், 17க்கு முன்பே வாருங்கள். தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் இன்னும் நல்லது (மத்தேயு 5:23-24).