உரோம அகழ்வாய்வும் உழைத்தோர் வரலாறும்

உரோமப் பேரரசின் வரலாற்றை எழுதிய பண்டை ஆசிரியர்கள் பெரும்பாலும் உயர்குடியினர். மன்னரின் வெற்றிகளையும் ஆட்சிமன்றத்தாரின் பூசல்களையும் அவர்கள் விரிவாக எழுதினர். ஆயின் அந்நகரங்களின் சுவர்களை எழுப்பியவர் யாவர், மாவரைத்தவர் யாவர், இரவில் அவர்கள் எங்கே உறங்கினர் என்னும் வினாக்களுக்கு அந்நூல்கள் தரும் விடை மிகச் சிறிதே. ஏடு சொல்லாது விட்டதை மண் சொல்கிறது. தொல்பொருளாய்வின் பெருமை இதுவேயாகும்.

உரோம் நகரின் பாந்தியன் கோயிலை முதலில் நோக்குவோம். சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் சேர்ந்த கற்காரையால் ஆன அதன் குவிமாடம், ஏறத்தாழ 43 மீட்டர் விட்டமுடையது. இரும்புக் கம்பியின் துணையின்றி நிற்பது. அக்ரிப்பா என்னும் பெருந்தலைவர் அதைக் கட்டியதாக முகப்புக் கல்வெட்டு முழங்குகிறது. அறிஞர் பலரும் நெடுங்காலம் அதை அப்படியே நம்பினர். 1892-இல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஷெடான், சுவருக்குள் இருந்த செங்கற்களின் முத்திரைகளை ஆராய்ந்தார். அவை அக்ரிப்பா இறந்து நூறாண்டுகளுக்கும் மேல் கடந்தபின் சுடப்பட்டவை என்பது புலனாயிற்று. முகப்பின் கூற்றைச் செங்கல் திருத்தியது! இத்தகைய உரோமச் செங்கல் முத்திரைகளில் சூளை நிலத்தின் உடைமையாளர் பெயரோடு சூளைப் பொறுப்பாளரின் பெயரும் காணப்படுவதுண்டு. அப்பொறுப்பாளருள் அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் பலர்.

பொருள் ஈட்டிய உழைப்பாளர் சிலர் தம் வரலாற்றைத் தாமே கல்லில் பொறித்தனர். உரோமின் போர்த்தா மஜ்ஜோரே வாயிலருகே 1838-இல் வெளிப்பட்ட யூரிசாசெசு என்பவரின் கல்லறை இதற்குச் சான்று. இவர் ரொட்டி சுட்டு விற்றவர். அடிமை நிலையிலிருந்து விடுபட்டவராக இருக்கலாம் என்பர். தானியம் அரைத்தல், மாப் பிசைதல், அடுப்பிலிடுதல், நிறுத்தல் ஆகிய தொழில்கள் யாவும் அக்கல்லறையில் சிற்பங்களாக விளங்குகின்றன. போர்க்களக் காட்சிகளை உயர்ந்தோர் செதுக்கிய நாட்டில், தம் கைத்தொழிலையே பெருமையாகச் செதுக்கியவர் இவர்.

கல்வெட்டவும் பொருளற்றவர் நிலை என்ன? கி.பி. 79-இல் வெசூவியசு எரிமலை வெடித்துப் பாம்பேயி நகரை மூடிற்று. சாம்பலுள் புதைந்த உடலும் மரமும் மட்கியபின் அவற்றின் வடிவில் வெற்றிடம் எஞ்சியது. அவ்வெற்றிடத்தில் சாந்துக் குழம்பை ஊற்றி உருவத்தை மீட்கும் முறையை ஃபியோரெல்லி 1863-இல் கையாண்டார். அம்முறையின் பயனாக, நகருக்கு வெளியே சிவிதா ஜூலியானா என்னுமிடத்து மாளிகையில் 2021-இல் ஓர் அறை வெளிப்பட்டது. பரப்பு 16 சதுர மீட்டர். அதில் மூன்று கயிற்றுக் கட்டில்கள். அவற்றுள் ஒன்று 1.40 மீட்டர் நீளமே உடையது. சிறுவருக்கு உரியது போலும். மேலே சிறு சாளரம் ஒன்று. சுவரில் ஓவியம் ஏதுமில்லை. கட்டில்களுக்கிடையே குதிரைச் சேணப் பொருள்களும் மூலையில் சாடிகளும் கிடந்தன. மனிதர் உறங்கிய இடமே பண்டக சாலையுமாக இருந்தது. 2023-இல் அறிவிக்கப்பட்ட பாம்பேயி ரொட்டிக் கூடமோ இன்னும் கொடியது. அங்கே வெளிச்செல்லும் கதவில்லை. சாளரங்களில் இரும்புக் கம்பிகள். செக்கு மாடுபோல் சுற்றி வந்த விலங்குகளின் கால்களுக்கென்றே தளத்தில் குழிகள் வெட்டப்பட்டிருந்தன. அவற்றோடு மனிதரும் அங்கே அடைபட்டு உழைத்தனர் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

உரோமில் கிடைத்த இரும்புக் கழுத்து வளையம் ஒன்றும் உண்டு. அதில் தொங்கும் தகடு, ஓடிப்போன அடிமையைப் பிடித்துச் சோனினசு என்னும் எசமானரிடம் சேர்ப்போர்க்குப் பொற்காசு தருவதாக அறிவிக்கிறது. எசமானர் பெயர் அதில் இருக்கிறது. அணிந்தவர் பெயர் இல்லை. ஆயினும் அவர் அடிமைத்தளையை உவந்து ஏற்றவரல்லர், ஓட முயன்றவராகவே இருத்தல் கூடும் என்பதை அவ்வளையமே உணர்த்துகிறது.

ஆகவே, எழுத்துச் சான்று இல்லாதாருக்கு வரலாறே இல்லை என்பது பிழைபட்ட கூற்று. அடுப்பும் செங்கல்லும் கயிற்றுக் கட்டிலும் ஆவணங்களே. மாளிகையின் முகப்பை வியந்து நின்றுவிடாமல் அதன் பின்கட்டையும் தோண்டிப் பார்ப்பவனே முழு வரலாற்றைக் கற்றவன் ஆவான்.