ஜெல்லின் அமைப்பும் நுணுக்குக்காட்டியும்: ஒரு வரலாற்று நோக்கு

செலற்றீனைச் சுடுநீரிற் கரைத்து ஆறவிட்டால், பாய்ந்துகொண்டிருந்த கரைசல் சிறிது நேரத்தில் உருக்கொண்டு நின்றுவிடுகின்றது. அதன் நிறையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீராகவே இருப்பினும் அது நீரைப்போற் பாய்வதில்லை. சிறிதளவு திண்மம் இத்துணை நீரை எவ்வாறு பிணித்து வைத்திருக்கின்றது? இவ்வினாவுக்கு விடைகாண நுணுக்குக்காட்டியை நாடியோர் விரைவில் வேறொரு வினாவையும் எதிர்நோக்கினர். கண்ணுக்குப் புலப்படும் அமைப்பு ஜெல்லுக்கே உரியதா, அன்றி அதனைக் காண்பதற்காகச் செய்த பக்குவத்தின் விளைவா? ஜெல் ஆய்வின் வரலாறு பெரிதும் இவ்விரண்டாம் வினாவின் வரலாறே எனலாம்.

பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கூழ்ப்பொருள்களுக்கு 1861ஆம் ஆண்டிற் பெயரிட்டவர் பிரித்தானிய இரசாயனவியலாளர் தோமஸ் கிரகாம் ஆவார். 1864இல் சிலிசிக்கமிலம் பற்றி எழுதிய கட்டுரையில், பாயும் கூழ்நிலையையும் உறைந்த ஜெல்நிலையையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். ஆயினும் உறைதலின்போது உள்ளே நிகழ்வது யாது என்பதை அவர் காணவில்லை.

அதனைக் கண்டதாகக் கருதியவர் ஹைடல்பேர்க் பல்கலைக்கழக விலங்கியலாளர் ஒற்றோ பியூட்சிலி. உயிரணுவின் முதலுரு நுரைபோன்ற அமைப்புடையது என 1892இல் வாதிட்ட அவர், செலற்றீன் முதலிய ஜெல்களிலும் தேன்கூடு போன்ற நுண்ணறைகளைக் கண்டார். எனினும் அவ்வறைகள் தெளிவாகத் தோன்றியது அற்ககோல், குறோமிக்கமிலம் போன்றவற்றால் ஜெல்லைப் பக்குவப்படுத்திய பின்னரே. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் ஹார்டி 1899இல் இதனை வன்மையாகக் கேள்விக்குள்ளாக்கினார். புரதக் கூழ்களில் தோன்றும் வலையமைப்பு, அவற்றை நிலைப்படுத்தப் பயன்படுத்தும் பொருளுக்கேற்ப மாறுபடுவதை அவர் எடுத்துக்காட்டினார். காண்பதற்கான முயற்சியே காட்சியைப் படைத்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கை இவ்வாறு எழுந்தது.

சாதாரண நுணுக்குக்காட்டிக்கு மற்றுமொரு தடை இருந்தது. ஒளியின் அலைநீளத்திற் பாதியளவிலும் சிறியவற்றை அதனாற் பிரித்தறிய இயலாதென ஏர்ன்ஸ்ற் அபே 1873இல் நிறுவியிருந்தார். றிச்சாட் சிக்மொண்டியும் ஹென்றி சீடன்ரொப்பும் யேனா நகரில் 1903அளவில் உருவாக்கிய மீநுண்காட்டி இத்தடையை ஒருவாறு கடந்தது. இருண்ட அறையிற் புகும் வெயிற்கதிரில் தூசி மின்னுவதுபோல, பக்கவாட்டில் வீழும் ஒளியில் கூழ்த் துணிக்கைகள் மின்னின. அவற்றை எண்ண முடிந்ததேயன்றி வடிவத்தைக் காண முடியவில்லை. சிலிக்கா ஜெல்லின் ஆவியமுக்கத்தை ஆராய்ந்த சிக்மொண்டியின் குழுவினர், அதன் துளைகள் சில நனோமீற்றர் அளவினவே எனக் கணித்தனர். பியூட்சிலி கண்ட அறைகளோ அவற்றைப்போற் பன்மடங்கு பெரியவை. 1925ஆம் ஆண்டுக்குரிய இரசாயனவியல் நோபல் பரிசு சிக்மொண்டிக்குக் கிடைத்தது.

1931இல் பேர்லினில் ஏர்ன்ஸ்ற் ருஸ்காவும் மக்ஸ் நோலும் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் முதலுருவை அமைத்தனர். பின்னர் நனோமீற்றர் அளவையும் எட்டிய இக்கருவி, ஜெல்லைப் பொறுத்தமட்டில் பழைய சிக்கலைப் புதிய வடிவிற் கொணர்ந்தது. வெற்றிடத்தில் ஈரப்பொருள் நில்லாது. உலர்த்தினாலோ பின்வாங்கும் நீரின் பரப்பிழுவிசை மெல்லிய இழைகளை ஒன்றோடொன்று இழுத்து வலையை நொறுக்கிவிடும். இதற்கு ஒரு வழியை அதே 1931இல் அமெரிக்கரான சாமுவேல் கிஸ்லர் காட்டினார். துளைகளிலுள்ள திரவத்தை அமுக்கத்தில் வைத்து அவதி வெப்பநிலைக்கு மேலே கொண்டுசென்றால், திரவத்துக்கும் ஆவிக்குமிடையே பரப்பு இராது, பரப்பில்லையேல் இழுவிசையுமில்லை. இவ்வாறு அவர் பெற்ற உலர்ஜெல் 'ஏரோஜெல்' எனப்பட்டது. இருபதாண்டுகளின் பின் தோமஸ் அன்டர்சன் இதே தத்துவத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கான மாதிரிகளை உலர்த்துதற்குப் பயன்படுத்தினார்.

உறையவைத்துப் பார்ப்பது மற்றொரு வழி. ஆனால் நீர் மெதுவாக உறையும்போது வளரும் பனிப்பளிங்குகள் இழைகளை ஓரங்களுக்குத் தள்ளிச் சுவர்களாக்குகின்றன. பனி நீங்கியபின் எஞ்சுவது அழகியதொரு தேன்கூடு. பியூட்சிலியின் மாயத்தோற்றமே வேறு வழியாக மீண்டது எனலாம். பளிங்காகுமுன் நீரைக் கணப்பொழுதிற் கண்ணாடிநிலையில் உறையவைக்கும் முறையை 1980களின் தொடக்கத்தில் ஜாக் டுபோஷேயும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். அப்பணி நிகழ்ந்ததும் ஹைடல்பேர்க் நகரிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. 2017இல் நோபல் பரிசைப் பகிர்ந்தவர்களுள் டுபோஷே ஒருவர். எனினும் இம்முறைக்கு மாதிரி மிக மெல்லிய படலமாதல் வேண்டும். தடித்த ஜெல்லின் நடுப்பகுதியிற் பனி தோன்றும் இடர் முற்றாக நீங்கவில்லை.

மேற்கூறிய யாவும் நின்றுபோன காட்சிகளே. ஜெல் உருவாதலோ காலத்தில் நிகழும் ஒரு செயல். மூலக்கூறுகள் கிளைத்திணைந்து, கொள்கலம் முழுவதும் பரவும் ஒரே வலையாகும் கட்டத்தையே ஜெற்புள்ளியென போல் புளோரி 1941இற் கணிதவழி விளக்கினார். அத்தகைய இணைவைக் கண்ணாற் காண, மூலக்கூறுகளினும் மிகப் பெரிய, ஏறத்தாழ ஒரு மைக்கிரோமீற்றர் அளவான ஒளிரும் துணிக்கைகள் துணைசெய்தன. இத்தகைய கூழ்களை ஒருகுவிய நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து 2008இல் வெளிவந்த ஆய்வொன்று, குறுகிய தூரத்தே கவரும் துணிக்கைகள் செறிந்த பகுதியாகவும் ஐதான பகுதியாகவும் பிரியத் தொடங்கி, அப்பிரிவு நிறைவுறுமுன் இடைவழியில் தடைப்படுவதே ஜெல்லாக அமைகின்றது எனக் காட்டியது. இங்கு மாதிரி உலர்த்தப்படவுமில்லை, உறையவைக்கப்படவுமில்லை. ஆனால் மூலக்கூறு ஜெல்லுக்கு இம்முடிபு எவ்வளவு பொருந்தும் என்பது தனியே ஆராயப்பட வேண்டியதாகும்.

கருவியின் நுண்மை பெருகுந்தோறும் காட்சி தெளிவடைந்தது. ஆனால் தெளிவான காட்சி உண்மையான காட்சியாக இருத்தல் வேண்டுமென்ற நியதியில்லை. பியூட்சிலி கண்ட அறைகள் தெளிவற்றவை அல்ல. அவை ஜெல்லின் இயல்பான அமைப்பாக இருக்கவில்லை, அவ்வளவே. கண்ணால் எட்டமுடியாத துளையளவை ஆவியமுக்கம் கொண்டு மதிப்பிட்ட சிக்மொண்டியின் வழி இன்றும் வழிகாட்டுகின்றது. ஒரு படத்தை மட்டும் நம்பாது, வேறொரு முறையால் அதனைச் சோதித்த பின்னரே அதற்குச் சான்றென்ற மதிப்பை அளித்தல் தகும்.