வேலை யாருக்காகக் காத்திருக்கும்?

எங்க வேம்பார்ப் பக்கம் பனையேறுறது ஆம்பளைங்க. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குறது பொம்பளைங்க. குடியில இருந்து மீண்டவங்களுக்கு வேலை யார் தர்றாங்கன்னு யோசிச்சப்ப அந்த அடுப்புதான் ஞாபகம் வந்தது.

கொஞ்சம் வரலாறு. 1979-ல குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல சென்னையில ஒரு சிகிச்சை மையம் தொடங்கினாங்க. டி.டி.கே. மருத்துவமனைன்னா எல்லாருக்கும் தெரியும். குடி ஒரு நோய்னு சொல்லி, மனைவியையும் கூட உட்கார வெச்சு ஆலோசனை கொடுத்த இடம். 1992-ல அவங்களுக்குப் பத்மஸ்ரீ. தொழிலாளியை வேலையை விட்டுத் தூக்காம சிகிச்சைக்கு அனுப்புங்கன்னு நிறுவனங்களோடயும் பேசினாங்க.

நல்ல விஷயம்தான். ஆனா கவனிச்சீங்களா? நோயாளின்னா ஆண், பெண்ணுன்னா மனைவி. 2019-ல வந்த தேசிய ஆய்வுப்படி குடிக்கிறவங்க ஆண்கள்ல 27.3 சதவீதம், பெண்கள்ல 1.6. ஏற்பாடெல்லாம் ஆணை வெச்சே அமைஞ்சதுல ஆச்சரியமில்ல.

நிற்க. மில் தொழிலாளிக்கு லீவு உண்டு, திரும்பிச் சேர இடம் உண்டு. அடுப்பு முன்னாடி நிக்கிறவ பேரு எந்தச் சம்பளப் பட்டியல்ல இருக்கு? அவன் மீண்டா 'பாவம், திருந்திட்டான்'. அவ மீண்டா?

1989-ல தர்மபுரியில தொடங்கின மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்னைக்கு ஊருக்கு ஊர் இருக்கு. முதலாளி இல்லாதவளுக்கு ஒரு குழுவாவது இடம் பிடிச்சு வெச்சிருக்கலாமே. என்ன சொல்றீங்க மக்களே?